தெரியாது என்று சொல்லும் மருத்துவர்

மும்பையில் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் தமிழன்பர் ஒருவர், வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர், ஒருநாள் கையில் ஒரு காகிதக் கற்றையுடன் வந்தார். அவருடைய மனைவிக்கு மார்பகப் புற்றுநோய். அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. அடுத்து, நிணநீர்க் கணுக்கள் உள்ள பகுதிக்கும் சேர்த்துக் கதிர்வீச்சு தரவேண்டும். அந்த மருத்துவமனையில் அதை மூன்று வாரங்கள் தருவது வழக்கம். அதையே அளவை மாற்றி ஒரு வாரத்தில் தந்து முடித்தால் பலன் குறையாமல் இருக்குமா என்று அங்கே ஓர் ஆய்வு நடைபெறுகிறது. அதில் சேர விருப்பமா என்று மருத்துவர் கேட்டிருக்கிறார். கற்றையில் இருந்தது அதற்கான ஒப்புதல் படிவம்.

அன்பர் ஒரு வரியின் கீழ்ச் சிவப்பு மையால் கோடிட்டிருந்தார். எந்தச் சிகிச்சை யாருக்கு என்பதைக் கணினி குலுக்கல் முறையில் தீர்மானிக்கும். மருத்துவரோ நோயாளியோ அதைத் தேர்ந்தெடுக்க இயலாது என்பது அந்த வரியின் சாரம்.

"சுவாமிஜி, இவ்வளவு படித்த டாக்டர், சீட்டுக் குலுக்கிப் போட்டா என் மனைவிக்கு வைத்தியம் பார்ப்பார்? மனித உயிர் என்ன தாயக்கட்டையா?" என்று கேட்டார். கோபத்தைவிட வேதனையே அந்தக் குரலில் மிகுந்திருந்தது.

இந்தக் கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. மனிதனை ஒருபோதும் வெறும் கருவியாக மட்டும் நடத்தாதே, அவனே ஒரு நோக்கம் என்று ஜெர்மானியத் தத்துவ அறிஞர் காண்ட் வற்புறுத்தினார். நாளைய நோயாளிகளுக்குப் பயன்படும் அறிவைப் பெறுவதற்காக இன்றைய நோயாளி ஒருவரின் சிகிச்சையைக் குலுக்கலுக்கு விடுவது அவரைக் கருவியாக்குவது ஆகாதா? இதற்கு விடை காணுமுன், மருத்துவர்கள் ஏன் குலுக்கலை நாடினார்கள் என்று பார்க்கவேண்டும்.

உறுதியான நம்பிக்கையின் விலை

2020-ஆம் ஆண்டை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். கொரோனா நோயிலிருந்து மீண்டவர்களின் பிளாஸ்மாவைப் பெறுவதற்காக, டெல்லியிலும் மும்பையிலும் பிற நகரங்களிலும் குடும்பத்தினர் இரவும் பகலும் அலைந்தார்கள். அந்தச் சிகிச்சையின் பின்னணியில் தர்க்கம் இருந்தது. மீண்டவரின் ரத்தத்தில் நோயை எதிர்க்கும் பொருள் இருக்கிறது. அதை நோயாளிக்குச் செலுத்தினால் அவரும் மீள்வார். கேட்பதற்கு எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது! பிளாஸ்மா பெற்றவர்களில் பலர் குணமடையவும் செய்தார்கள். அந்தக் குடும்பங்களுக்கு வேறு சான்று எதற்கு?

ஆனால் பிளாஸ்மா பெறாதவர்களிலும் பலர் குணமடைந்தார்கள். இந்தச் சிறிய உண்மைதான் மருத்துவத்தின் பெரிய சிக்கல். மருந்து உண்டார், குணமானார். ஆகவே மருந்தால் குணமானார் என்று மனம் தாவுகிறது. 'காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது' என்று சொல்லி, நம் முன்னோர் இந்தத் தாவலை நெடுநாள் முன்பே கேலி செய்திருக்கிறார்கள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அந்த ஆண்டு நாடெங்கும் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தியது. அனைவருக்கும் அன்றைய நிலையில் தரக்கூடிய நல்ல சிகிச்சை தரப்பட்டது. குலுக்கலில் வந்த 235 பேருக்கு மட்டும் கூடுதலாகப் பிளாஸ்மா செலுத்தப்பட்டது. 28 நாள்களுக்குள் நோய் முற்றியவர்களும் இறந்தவர்களுமாகப் பிளாஸ்மா பெற்ற பிரிவில் 44 பேர். பெறாத 229 பேர் கொண்ட பிரிவில் 41 பேர். ஏறத்தாழ ஒரே விகிதம். 2021 மே மாதம் தேசிய சிகிச்சை வழிகாட்டியிலிருந்து பிளாஸ்மா நீக்கப்பட்டது.

இங்கே வீணானது பணமும் அலைச்சலும் மட்டுமே என்று ஆறுதல் கொள்ளலாம். எப்போதும் அப்படி அமைவதில்லை. மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்களில் சிலருக்கு இதயத்துடிப்பு இடையிடையே தாளம் தப்பும். அவர்கள் திடீரென்று இறந்துபோகும் அபாயம் அதிகம். தாளம் தப்புவதை அடக்கும் மருந்துகள் வந்தபோது, அவை உயிரைக் காக்கும் என்று மருத்துவ உலகம் நம்பியது. மாத்திரை தந்த சில நாள்களில் இ.சி.ஜி. படத்தில் கோணல்கள் மறைந்தன. மருத்துவர் மகிழ்ந்தார், நோயாளியும் மகிழ்ந்தார். அமெரிக்காவில் 1987-இல் இதை ஆய்வுக்கு உட்படுத்தியபோது, பாதிப்பேருக்கு மருந்து தராமல் இருப்பது அநியாயம் என்று கருதிய மருத்துவர்கள் இருந்தார்கள். 1989-இல் முடிவு வெளிவந்தது. என்கைனைடு, ஃபிளெகைனைடு என்ற இரு மருந்துகளில் ஒன்றைப் பெற்ற 730 பேரில் 56 பேர் இறந்திருந்தார்கள். மருந்தைப் போலவே தோற்றமளித்த வெற்று மாத்திரையைப் பெற்ற 725 பேரில் இறந்தவர்கள் 22 பேர்.

இ.சி.ஜி. படம் சீராகிக்கொண்டிருந்தது, மனிதர்கள் மடிந்துகொண்டிருந்தார்கள். ஆய்வு இல்லாமல் இருந்திருந்தால் இந்த மரணங்களுக்கு மருந்தே காரணம் என்று எந்தத் தனி மருத்துவராலும் கண்டிருக்க முடியாது. அவர் நோயின் மீதே பழியைப் போட்டிருப்பார். நல்லெண்ணத்தில் அவருக்குக் குறைவில்லை. தமக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவே.

குலுக்கல் எதற்காக

சரி, இரண்டு குழுக்களை ஒப்பிடவேண்டும். அதை மருத்துவரே பிரிக்கக் கூடாதா? கூடாது. அவர் எவ்வளவு நேர்மையானவராயினும், புதிய மருந்தைத் தாங்கும் வலிமை உள்ளவர்களுக்கே அதைத் தர அவரது கை நீளும்; அல்லது இரக்கத்தினால் மிகவும் நலிந்தவர்களுக்கே தரும். முதல் வழியில் மருந்து உள்ளதைவிட நல்லதாகத் தோன்றும். இரண்டாம் வழியில் கெட்டதாகத் தோன்றும். குலுக்கலுக்கு விருப்பு வெறுப்பு இல்லை. இளையவர், முதியவர், வறியவர், வசதியுள்ளவர் ஆகிய எல்லோரும் ஏறத்தாழச் சமமாக இரு பக்கமும் பிரிவார்கள். பிறகு காணும் வேறுபாட்டுக்குச் சிகிச்சையையே பெரும்பாலும் காரணமாகச் சொல்லமுடியும். சில ஆய்வுகளில் யாருக்கு எது தரப்படுகிறது என்பதை நோயாளிக்கும் மருத்துவருக்கும் மறைத்துவைப்பதும் மனத்தின் சாய்வைத் தடுக்கத்தான். கதிர்வீச்சுக்கு எத்தனை நாள் வருகிறோம் என்பதை நோயாளியிடமிருந்து எப்படி மறைப்பது? ஆகவே அன்பரின் மனைவி விஷயத்தில் அதற்கு இடமில்லை.

புதிய மருந்து எடுத்தவுடன் ஆயிரக்கணக்கானோருக்குத் தரப்படுவதில்லை. விலங்குகளில் சோதித்தபின், முதலில் மிகச் சிலருக்குச் சிறிய அளவில் தந்து பாதுகாப்பைப் பார்க்கிறார்கள்; அடுத்துச் சில நூறு நோயாளிகளுக்குத் தந்து பலன் உண்டா என்று பார்க்கிறார்கள்; அதன்பின்பே பழைய சிகிச்சையோடு ஒப்பிடும் பெரிய ஆய்வு. அன்பர் அஞ்சிய குலுக்கல் பெரும்பாலும் இந்த மூன்றாம் படியில் வருவது. வேறொரு தவறான எண்ணமும் பரவலாக உள்ளது: குலுக்கலில் தோற்றவருக்கு வெறும் சர்க்கரை மாத்திரை தந்து, நோயை முற்றவிடுவார்கள் என்பது. பலன் தரும் சிகிச்சை ஏற்கெனவே இருக்கும் கடும் நோய்களில் அதை மறுத்து வெற்று மாத்திரை தருவதை ஆய்வு நெறிகள் அனுமதிப்பதில்லை. ஒருவருக்கு வழக்கமான சிகிச்சை கிடைக்கும்; மற்றவருக்கு அதற்கு நிகராகவோ மேலாகவோ இருக்கலாம் என்று நியாயமாக எதிர்பார்க்கப்படும் சிகிச்சை கிடைக்கும்.

அறநெறியின் மையம் இங்கேதான் இருக்கிறது. எது நல்லது என்று மருத்துவ உலகத்துக்கு உண்மையிலேயே தெரியாதபோது மட்டுமே குலுக்கல் நியாயமாகும். தெரிந்துகொண்டே குலுக்கினால் அது குற்றம். தெரியாமலே தெரிந்தவர்போல் ஒன்றை எழுதித் தந்தால்? அதைக் குற்றம் என்று நாம் சொல்வதில்லை. அனுபவம் என்று பாராட்டுகிறோம். ஆனால் அங்கும் குலுக்கல் நடக்கத்தான் செய்கிறது. எந்த மருத்துவரிடம் போனோம், அவர் எங்கே படித்தார், அண்மையில் எந்த மருந்துப் பிரதிநிதி அவரைச் சந்தித்தார் என்பவை அந்தக் குலுக்கலின் சீட்டுகள். அதிலிருந்து யாரும் எதையும் கற்றுக்கொள்வதும் இல்லை.

சென்னையில் நடந்தது

இத்தகைய ஆய்வுகளின் வரலாற்றில் நம் நாட்டுக்குப் பெருமை தரும் ஓர் அத்தியாயம் உண்டு. காசநோய்க்கு மருந்துகள் வந்த தொடக்க காலம் அது. நல்ல காற்று, சத்தான உணவு, முழு ஓய்வு ஆகிய மூன்றும் இல்லாமல் காசநோய் தீராது, ஆகவே நோயாளியைச் சானடோரியத்தில் வைத்தே மருத்துவம் செய்யவேண்டும் என்பது அன்று உலகெங்கும் வேரூன்றியிருந்த கருத்து. தாம்பரத்துக்கு அருகே ஒரு ரயில் நிலையத்துக்கே சானடோரியம் என்று பெயர் நிலைத்துவிட்டதிலிருந்து அந்தக் காலத்தை ஊகிக்கலாம். நாட்டிலோ நோயாளிகள் பல லட்சம் பேர். அவர்களுக்கு இருந்த படுக்கைகள் மிகச் சொற்பம்.

1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை மாநில அரசும் உலக சுகாதார நிறுவனமும் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் இணைந்து சென்னையில் ஓர் ஆய்வு மையம் தொடங்கின. இன்று அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். நகரின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த ஏறத்தாழ இருநூறு நோயாளிகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பிரிவினர் சானடோரியத்துக்குச் சென்றார்கள். மற்றவர்கள் நெரிசல் மிகுந்த வீட்டிலேயே இருந்தார்கள். இரு பிரிவினருக்கும் ஓராண்டுக் காலம் ஒரே மருந்துகள்.

அன்றைய நிலையில் வைத்து இதை எண்ணிப் பாருங்கள். நோயுற்ற தந்தையைக் குழந்தைகள் உறங்கும் அதே அறையில் விட்டுவைப்பதா? இரக்கமுள்ள யார் இதை ஏற்பார்? நான் அப்போது அங்கே இருந்திருந்தால் எதிர்த்தே பேசியிருப்பேன் என்று நினைக்கிறேன். 1959-இல் முடிவுகள் வெளிவந்தன. சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாக உண்டார்கள், ஓய்வெடுத்தார்கள், எடையும் கூடினார்கள். ஆனால் நோய் தணிவதில் இரு பிரிவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வீட்டில் இருந்த நோயாளிகளின் குடும்பத்தினருக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. தொடர்ந்து பல ஆண்டுகள் அவர்களைக் கவனித்து இதை உறுதி செய்தார்கள். மருந்தை ஒழுங்காக உட்கொள்வதே முக்கியம், படுக்கை அல்ல. 1962-இல் தொடங்கிய நம் தேசியக் காசநோய்த் திட்டம் இந்த அடித்தளத்தின் மீதே எழுந்தது. பிற நாடுகளும் நாளடைவில் சானடோரியங்களை மூடின.

படுக்கை கிடைக்காதவனுக்கு விமோசனம் இல்லை என்ற கருத்து எத்தனை ஏழைகளை நம்பிக்கையிழக்கச் செய்திருக்கும்! அது தவறு என்று நிரூபித்தவர்கள் பெயர் தெரியாத அந்த இருநூறு பேர்.

அவையில் எழுந்த கேள்வி

இவ்வளவும் கேட்ட அன்பர், "அப்படியானால் ஆய்வு என்றாலே நல்லதுதானா?" என்றார். இல்லை. வரலாற்றின் மறுபக்கம் இருண்டது.

நாஜி முகாம்களில் கைதிகளின் உடலில் மருத்துவர்கள் செய்த கொடுமைகள் விசாரிக்கப்பட்ட பின், 1947-இல் நியூரம்பெர்க் நெறிகள் உருவாயின. ஒருவர் தாமாக முன்வந்து தரும் ஒப்புதல் இன்றியமையாதது என்பதே அவற்றின் முதல் விதி. அதே காலத்தில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், 1932-இல் தொடங்கிய ஒரு கொடிய ஆய்வு நடந்துகொண்டிருந்தது. மேக நோயுற்ற ஏறத்தாழ நானூறு ஏழைக் கறுப்பின மக்களுக்கு நோய் என்னவென்றே சொல்லாமல், பென்சிலின் வந்த பிறகும் அதைத் தராமல், நோய் எப்படி முற்றுகிறது என்று 1972 வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இங்கே குலுக்கல் இல்லை; அறியாமையும் இல்லை. மருந்து உண்டு என்று தெரிந்தே மறைத்தார்கள்.

கொடியவர்கள் மட்டுமே மறைத்தார்கள் என்றும் சொல்வதற்கில்லை. இன்றைய குலுக்கல் ஆய்வுகளுக்கு முன்மாதிரியாகப் போற்றப்படுவது பிரிட்டனில் நடந்து 1948-இல் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வு. மருந்து எல்லோருக்கும் தரப் போதுமான அளவில் இல்லை. ஆகவே குலுக்கல் நியாயமே என்று கருதினார்கள். மருந்து பெற்ற 55 பேரில் ஆறு மாதத்தில் இறந்தவர்கள் 4 பேர். படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர். ஆனால் அந்த 52 பேருக்கும் தாங்கள் ஓர் ஆய்வின் அங்கம் என்பதே சொல்லப்படவில்லை. அறிவியலாக அது அப்பழுக்கற்றது. அறமாக?

மகாபாரதத்தில் சூதாட்டத்தின் கொடுமை காய்கள் உருண்டதில் முடியவில்லை. அவையில் நின்ற திரௌபதி, காய் எப்படி விழுந்தது என்று கேட்கவில்லை. தன்னைப் பணயம் வைக்க அவருக்கு என்ன உரிமை என்றே கேட்டாள். பெரியோர் நிறைந்த சபையால் அதற்கு விடை சொல்ல முடியவில்லை. 2009, 2010-ஆம் ஆண்டுகளில் ஆந்திரத்திலும் குஜராத்திலும் பள்ளிச் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டு ஒரு செயல்விளக்க ஆய்வு நடந்தது. சில சிறுமிகளின் மரணங்களுக்குத் தடுப்பூசி காரணமல்ல என்று விசாரணை சொன்னது. ஆனால் பெற்றோர் இடவேண்டிய ஒப்புதல் கையெழுத்தைப் பல இடங்களில் விடுதிக் காப்பாளர்களும் தலைமையாசிரியர்களும் இட்டிருந்தார்கள். 2013-இல் நாடாளுமன்றக் குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது. தடுப்பூசி நல்லதுதான், அதனால் அந்தக் கையெழுத்துகள் நல்லவை ஆகிவிடுமா?

மொழிபெயர்ப்பவன் என்ற முறையில், அன்பர் கொண்டுவந்த படிவத்தின் தமிழ் எனக்கு உறுத்தலாக இருந்தது. 'பரிசோதனைக்குச் சம்மதிக்கிறேன்' என்று அதில் இருந்தது. பரிசோதனை என்றால் நம் மக்களுக்கு நினைவு வருவது ரத்தப் பரிசோதனை. சோதனை என்றாலோ, கடவுள் தரும் சோதனை! சம்மதம் என்ற சொல்லோடு 'மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி' என்ற வழக்கும் ஒட்டிக்கொண்டு வருகிறது. இங்கே தேவைப்படுவதோ அதற்கு நேர்மாறானது: கேள்வி கேட்டு, விடை பெற்று, மறுக்கவும் முடியும் என்று அறிந்தபின் வாய்திறந்து சொல்லும் இசைவு. ஒரே சொல்லில் அதைத் தமிழில் தர என்னால் இயலவில்லை. 'எனக்கு விளக்கினார்கள், புரிந்தது, விரும்பியே சேருகிறேன்' என்று மூன்று வாக்கியமாக எழுதிவிடுவதே மேல் என்று தோன்றுகிறது.

சட்டம் இன்று நோயாளிக்குப் பல காப்புகளைத் தந்திருக்கிறது. எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமல் ஆய்விலிருந்து விலகலாம். அதனால் வழக்கமான சிகிச்சை நிற்காது. புதிய மருந்துகளுக்கான ஆய்வில் தீங்கு நேர்ந்தால் இலவச மருத்துவமும், ஆய்வால் நேர்ந்தது என்று உறுதியானால் இழப்பீடும் உண்டு. நாட்டில் நடக்கும் ஆய்வுகளுக்கென 2007-இல் தொடங்கிய பொதுப் பதிவேட்டை யாரும் பார்க்கலாம். ஒவ்வோர் ஆய்வையும் ஓர் அறநெறிக் குழு ஏற்கவேண்டும். 2019-ஆம் ஆண்டின் விதிகளின்படி அதில் மருத்துவர்களோடு சட்டம் அறிந்தவர் ஒருவரும் சாதாரணக் குடிமகன் ஒருவரும் இருக்கவேண்டும். சமூகவியலாளர், தத்துவவாதி, சமய அறிஞர் போன்ற ஒருவரும் இருக்கவேண்டும். (தத்துவம் படித்தவர்களுக்கு அரசாங்க விதியில் இடம் கிடைத்திருப்பது எனக்குச் சற்று வியப்பாகவே இருந்தது.) இந்தக் காப்புகள் எல்லாம் படிவத்தின் எட்டாம் பக்கத்தில் உறங்காமல், படுக்கைக்கு அருகில் ஒருவர் உட்கார்ந்து பேசும்போதுதான் உயிர் பெறுகின்றன.

ஒன்றை ஒளிக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த இதய மருந்து ஆய்வில் இறந்த 56 பேருக்கு எந்தக் காப்பும் உதவவில்லை. கண்காணித்துவந்த தனிக் குழு தீங்கைக் கண்டதும் அந்த மருந்துகளை நிறுத்தியது. இருந்தும் அவர்கள் திரும்பவில்லை. அறியாமையை நீக்க யாரோ ஒருவர் விலை கொடுக்கிறார். அவர் அறிந்து கொடுத்தார் என்றால் அது தானம். அறியாமல் பறிக்கப்பட்டது என்றால் களவு. விலை என்னவோ இரண்டிலும் ஒன்றுதான்.

அன்பர் நெடுநேரம் யோசித்தார். "அப்படியானால் கையெழுத்துப் போடலாம் என்கிறீர்கள்?" என்றார்.

"அம்மா என்ன சொல்கிறார்கள்?" என்று கேட்டேன்.

அவர் சற்றுத் திகைத்தார். "அவளிடம் இதெல்லாம் சொல்லவில்லை, சுவாமிஜி. பயந்துவிடுவாள். டாக்டரும் என்னிடம்தான் படிவத்தைக் கொடுத்தார்" என்றார்.

நாற்பது ஆண்டு இல்லறத்தின் பரிவு அந்தச் சொற்களில் இருந்தது. அந்தப் பரிவை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் அவ்வளவு நேரம் குலுக்கலைப் பற்றி அவர் எழுப்பிய கேள்வியை இப்போது அவரிடமே திருப்பிக் கேட்கவேண்டியிருந்தது. இருவருமாகப் படித்துப் பாருங்கள், அவர்களையே டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

பத்து நாள் கழித்துத் தொலைபேசியில் பேசியது அந்த அம்மையாரே. படிவம் முழுவதையும் கணவர் படித்துக் காட்டினாராம். பாதிக்குமேல் தாமே கண்ணாடி போட்டுப் படித்தாராம். மறுநாள் மருத்துவரிடம், "ஒரு வாரமா, மூன்று வாரமா, எது எனக்கு நல்லது என்று உங்களுக்கே தெரியாதா டாக்டர்?" என்று நேராகக் கேட்டிருக்கிறார். மருத்துவர் சிறிது தயங்கிவிட்டு, "தெரியாதம்மா. தெரிந்தால் உங்களைக் கேட்டிருக்கவே மாட்டேன்" என்றாராம்.

"இத்தனை மாதமாக எல்லோரும் எனக்கு ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள் சுவாமிஜி. இவர் ஒருவர்தான் என்னிடம் உள்ளதைச் சொன்னார்" என்றார் அம்மையார்.

அவர் கையெழுத்திட்டுவிட்டார். குலுக்கலில் அவருக்கு வந்தது மூன்று வாரம். தாதரிலிருந்து தினமும் மின்ரயிலில் போய்வருவதாகவும், கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து மருத்துவமனையில் நேரம் ஒதுக்கித் தந்திருப்பதாகவும் சொன்னார்.